ஒரு வரியும் மாற்றாமல் ஓடிய பக்கங்கள்

உங்கள் நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு "அனுபவத்திலிருந்து நாலு வார்த்தை" எழுதித் தரும்படி உங்கள் குழுத்தலைவர் கேட்டார். அவர் எதிர்பார்ப்பது எதுவென்று எனக்குத் தெரியும். "பழைய பிஎச்பி பக்கங்களை ஜாவா சர்வரில் ஒரு வரியும் மாற்றாமல் ஓட வைத்தவர்" என்று இந்த ஊரில் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் என்னைப் பற்றிச் சொல்வார்கள். ஓய்வு பெற்ற அன்று சால்வை போர்த்தியபோதும் அதைத்தான் சொன்னார்கள். நானும் சிரித்துக்கொண்டு வாங்கிக்கொண்டேன். அந்தக் கதையைத்தான் எழுதப்போகிறேன். மேடையில் பாதிக் கதைதான் சொன்னார்கள். மீதியை நான் சொல்கிறேன்.

வேங்கிக்கால் பக்கம் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். கார்த்திகை தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் கிரிவலப் பாதையில் தற்காலிகக் கடை போடுகிறவர்களுக்கு அனுமதிச் சீட்டு கொடுப்பது எங்கள் வேலைகளில் ஒன்று. கடைக்காரர் விண்ணப்பம் கொண்டுவருவார். கணினிமுன் இருக்கும் ஊழியர் வரைபடத்தில் இடத்தைப் பார்ப்பார், காலியாக விடவேண்டிய இடமா என்று சரிபார்ப்பார், 'அனுமதி' என்ற பொத்தானை அழுத்துவார். சீட்டு அச்சாகி வரும். யார் அழுத்தினார்கள் என்பது லாக் என்கிற பதிவுக் கோப்பில் ஏறும். இவ்வளவையும் பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதியவன் நான். ஆறு வருஷம் தும்மல்கூடப் போடாமல் ஓடியது.

ஏழாவது வருஷம் சென்னையிலிருந்து உத்தரவு வந்தது. எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவருகிறார்கள், அது ஜாவா என்ற வேறு மொழியில் ஓடும் சர்வர், பிஎச்பி ஓடும் பழைய பெட்டிகளை எல்லாம் அணைத்துவிடுவார்கள் என்றார்கள். ஜாவாவில் திரும்ப எழுதுவதென்றால் ஒரு வருஷம் பிடிக்கும். தீபத்துக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. ஒத்திப்போட முடியுமா என்று கேட்டுப் பார்த்தோம். கேட்டதற்கே திட்டு விழுந்தது.

அப்போதுதான் நான் அந்த வழியைக் கண்டுபிடித்தேன். பிஎச்பி பக்கங்களைப் படித்து ஓட்டக்கூடிய ஒரு மென்பொருள் இருந்தது. அதுவே ஜாவாவில் எழுதப்பட்டது, ஜாவா சர்வருக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். என் பக்கங்களை அப்படியே எடுத்துப் போட்டேன், ஓடியது. மற்ற மாவட்டத்துக்காரர்கள் எல்லாம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது நான் பதினைந்தே நாளில் முடித்துவிட்டேன். கொஞ்சம் தலைகால் புரியாமல்தான் நடந்தேன், ஒப்புக்கொள்கிறேன்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் இடித்தது. சீட்டில் குறியீடு அச்சடித்து, அனுமதித்தவர் பெயரை லாக்கில் எழுதுகிற பகுதி, பழைய பிஎச்பிக்கென்று தனியாகச் சேர்த்த ஒரு துணை நிரலில் இருந்தது. அது ஜாவா சர்வரில் ஓடாது. அந்தப் பகுதியை மட்டும் நானே ஜாவாவில் எழுதி, பிஎச்பி பக்கத்திலிருந்து அதைக் கூப்பிட்டேன். ஜாவாவைப் பத்து நாளில் படித்தேன். அதாவது எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுக்கு. ஆக, 'ஒரு வரியும் மாற்றாமல்' என்பது முதல் நாளிலிருந்தே பொய்.

சென்னை சர்வரைப் பார்த்துக்கொண்டவர் ஒரு ஜாவாக்காரர். என்னைவிட இருபது வயது சின்னவர். ஏற்றுவதற்கு முன்னால் போன் செய்தார்.

"சார், நீங்க அனுப்புன ஜாவா கோடு பார்த்தேன். அனுமதி குடுக்குறவர் பேர ஸ்டாடிக்ல வெச்சிருக்கீங்களே, அது வேணும்னே வெச்சதா?"

"ஆமா. ஏன்?"

"எல்லாருக்கும் பொதுவா ஆயிடும் சார். ஒரே நேரத்துல ரெண்டு பேர் வந்தா…"

"பக்கம் முடிஞ்சா எல்லாம் துடைச்சிட்டுப் போயிடும்ங்க. நான் பிஎச்பில பல வருஷமா எழுதுறேன்."

"அது பிஎச்பி சார். இது ஜாவா."

"நான் டெஸ்ட் பண்ணிட்டேன். சரியா வருது. நீங்க ஏத்துங்க."

ஏற்றினார். அவருக்கும் வேறு பதினைந்து மாவட்டம் இருந்தது, என்னோடு மல்லுக்கட்ட நேரமில்லை.

அவர் சொன்னது என்னவென்று உங்களுக்குப் புரிந்திருக்கும். ஆனாலும் என்னைப்போல் பழைய பழக்கத்தோடு வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். பிஎச்பி பக்கம் நம் ஊர் லாட்ஜ் அறை மாதிரி. கிரிவலம் வந்தவர் காலி செய்ததும் விரிப்பை மாற்றி அறையைக் கழுவிவிடுவார்கள். அடுத்தவர் உள்ளே வரும்போது முன்னவர் வைத்த எதுவும் அங்கே இருக்காது. பல வருஷம் அந்த லாட்ஜில் இருந்து பழகியவனுக்கு எல்லா வீட்டையும் யாரோ கழுவிவிடுவார்கள் என்றே தோன்றும். ஜாவா சர்வரில் யாரும் கழுவ மாட்டார்கள். நான் வைத்த அந்த ஒரு பெயர் சர்வரை நிறுத்தும்வரை அங்கேயே இருக்கும், எல்லா மேசைக்கும் பொதுவாக. ஒருவர் பொத்தானை அழுத்தி, அவர் பெயர் லாக்கில் ஏறுவதற்குள் இன்னொருவர் அழுத்திவிட்டால், முதல் ஆள் செய்த காரியம் இரண்டாம் ஆள் பெயரில் பதிவாகும்.

நான் டெஸ்ட் பண்ணிவிட்டேன் என்று சொன்னேன் அல்லவா? என் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, ஒற்றை ஆளாக உட்கார்ந்து டெஸ்ட் பண்ணினேன். ஒற்றை ஆளுக்கு அது சரியாகத்தான் வரும்.

எங்கள் அலுவலகத்தில் நான்கு மேசைகள். இரண்டாவது மேசையில் சுகன்யா என்று ஒரு பெண், சொந்த ஊர் அடி அண்ணாமலை. அப்பா விவசாயம், நிலக்கடலையும் கொஞ்சம் பூவும். அவள் கணினி அறிவியல் படித்துவிட்டு ஒப்பந்த ஊழியராக ஐந்து வருஷமாக எங்களிடம் இருந்தாள். ஒப்பந்தக்காரர்களில் சிலரை நிரந்தரமாக்கப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. அதில் முதல் பெயர் அவளுடையது. பட்டியலைத் தட்டச்சு செய்ததே அவள்தான், அதனால் எல்லோருக்கும் தெரியும். மூன்றாவது மேசையில் இருந்தவர் நிரந்தர ஊழியர், சங்கத்தில் பொறுப்பில் இருந்தவர். அவர் பெயரை விட்டுவிடுகிறேன்.

தீபத்துக்கு முந்தின நாள் காலை, கிரிவலப் பாதையில் பாதுகாப்பு ஒத்திகை நடந்தது. அடி அண்ணாமலை வளைவில் தீயணைப்பு வண்டி திரும்ப முடியவில்லை. வண்டி திரும்புவதற்காகக் காலியாக விடவேண்டிய இடத்தில் வரிசையாக மூன்று கடைகள். அகற்றச் சொன்னால், மூன்று பேரும் எங்கள் அலுவலகத்துச் சீட்டை நீட்டினார்கள். அசல் சீட்டு. மூன்று பேரும் பங்காளிகள், சேர்ந்து ஒரே விண்ணப்பமாகப் போட்டவர்கள். யாரோ ஒரே ஒரு முறை பொத்தானை அழுத்தி மூன்று இடத்தையும் கொடுத்திருக்கிறார்கள். ஒத்திகை என்பதால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் பெரிய அதிகாரிகள் நடுரோட்டில் நின்றார்கள். மதியம் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு பெயர் வேண்டும் என்றார்கள்.

லாக்கைத் திறந்தேன். சுகன்யா.

அந்தப் பங்காளிகள் அவள் தெருக்காரர்கள் என்பதும் அதற்குள் தெரிந்துவிட்டது. அப்புறம் கேட்கவேண்டுமா? மேலதிகாரி அறைக்குக் கூப்பிட்டார். அவர், நான், அவள், மூன்றே பேர்.

"எங்க தெரு ஆளுங்கன்னா எனக்குத் தெரிஞ்சிருக்கும் சார். அந்த விண்ணப்பத்த நான் பாக்கவே இல்ல," என்றாள் சுகன்யா.

"உன் பேரு இருக்குதேம்மா," என்றார் அதிகாரி.

"அந்த வளைவுல வண்டி திரும்பணும்னு எனக்குத் தெரியும் சார். தினம் அந்த வழியாத்தான் வரேன். தெரிஞ்சி குடுப்பனா?"

"தெரிஞ்சிருந்தும் குடுத்திருக்கன்னு ஆவுது. அது இன்னும் மோசம் இல்ல?"

அவள் என் பக்கம் திரும்பினாள். அழவில்லை. வேலை பேசுகிற குரலில்தான் கேட்டாள்.

"சார், எந்த மிஷின்லேர்ந்து வந்துச்சுன்னு சர்வர் தனியா ஒரு லாக் எழுதும் இல்ல? அத ஒருவாட்டி பாருங்க சார். என் மிஷின்லேர்ந்து வந்திருந்தா நான் ஒத்துக்கறேன்."

நண்பர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அவள் கேட்டது சரியான கேள்வி. இந்தத் தொழிலில் கேட்கவேண்டிய முதல் கேள்வி. எனக்கு அது தோன்றியிருக்கவேண்டும். பத்து நிமிஷ வேலை. ஆனால் எனக்கு உறைத்தது வேறு. விண்ணப்பம் ஏற்றுகிற பெண், அதிகாரி முன்னால், நான் எழுதியதைச் சரிபார்க்கச் சொல்கிறாள். காது சூடேறியது.

"ஆறு வருஷமா ஓடுற புரோகிராம்மா இது. ஒருவாட்டியாவது பேர மாத்திப் போட்டிருக்குதா?" என்றேன்.

ஆறு வருஷம் ஓடியது வேறு சர்வரில். புதிய சர்வரில் ஓடி நாற்பது நாள்கூட ஆகவில்லை. பெயரை எழுதும் பகுதியே நான் புதிதாக எழுதியது என்பது அந்த அறையில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

"அப்ப கன்ஃபார்மா?" என்றார் அதிகாரி.

"கன்ஃபார்ம் சார்."

'பதிவில் பிழை ஏற்பட வாய்ப்பில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அன்று மதியமே அவளை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். பட்டியலிலிருந்து பெயரை அடித்தார்கள்.

மறுநாள் ஊரே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் அப்பா என்னைத் தேடி அலுவலகத்துக்கு வந்தார். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தார். நாங்கள் யாரும் அங்கே செருப்பைக் கழற்றுவதில்லை.

"ஊர்ல ரெண்டு பக்கமும் பேசுறாங்க சார். பங்காளிங்களுக்குக் குடுத்துட்டான்னு பாதிப் பேரு. குடுத்துட்டு இப்ப இல்லன்னு சொல்லி அவங்கள மாட்டி விடுறான்னு பாதிப் பேரு. பொண்ணு வெளிய வரமாட்டேங்குது. நீங்க இன்னொரு தபா பாத்துட்டு ஒரு வார்த்தை சொன்னா போதும்னு சொல்லுது."

"என் கையில ஒன்னும் இல்லீங்க," என்றேன்.

எல்லாமே என் கையில்தான் இருந்தது. கடவுச்சொல் உட்பட.

பொங்கல் முடிந்த வாரம், ஒரு முற்பகலில், சீட்டின் அச்சு ஓரம் வெட்டுப்படுகிறது என்று ஒரு புகார். சரிபார்க்க ஒரு மாதிரி விண்ணப்பத்தை ஏற்றி நானே அனுமதி அழுத்தினேன். லாக்கில் பார்த்தால் என் பெயர் இல்லை. நான்காவது மேசைக்காரர் பெயர் இருந்தது. அவர் அதே நொடியில் தன் மேசையில் வேறு எதையோ அழுத்தியிருக்கிறார். ஜாவாக்காரர் போனில் சொன்ன வார்த்தை அப்படியே காதில் வந்தது.

பிறகு சர்வரின் லாக்கைத் திறந்தேன், அவள் பார்க்கச் சொன்னதை. அந்த மூன்று கடைகளுக்கான அனுமதி போனது மூன்றாவது மேசையிலிருந்து. அதே நொடியில் சுகன்யாவின் மேசையிலிருந்து வேறொரு விண்ணப்பம் போயிருக்கிறது, செங்கம் ரோட்டில் ஓர் இளநீர்க் கடைக்கு. மூன்றாவது மேசைக்காரர் வேண்டுமென்றே செய்தாரா, வரைபடத்தைப் பார்க்காமல் அழுத்தினாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த வாரம் எல்லோரும் நூற்றுக்கணக்கில் அழுத்திக்கொண்டிருந்தார்கள். மொத்தத் தேடலுக்கும் எனக்குப் பிடித்தது பத்து நிமிஷம்கூட இல்லை.

பிழையைச் சரிசெய்தேன். நாலு வரி. பிறகு அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். சொல்லவில்லை என்று நினைத்துவிடாதீர்கள், அந்த அளவுக்கு மட்டும் யோக்கியன்.

கதவைச் சாத்தச் சொன்னார். முழுக்கக் கேட்டார்.

"இப்ப சரி பண்ணிட்டீங்களா?"

"பண்ணிட்டேன் சார்."

"அப்புறம் இன்னா பிரச்சனை?"

"அந்தப் பொண்ணு சார்…"

"இத வெளிய சொன்னா, இந்த சீசன்ல குடுத்த அத்தனை சீட்டும் யார் குடுத்ததுன்னு கேள்வி வரும். மூணாவது மேசைக்காரர் பெர்மனென்ட், அவரத் தொட்டா சங்கம் வரும். நீங்க எழுத்துல குடுத்திருக்கீங்க, பிழைக்கு வாய்ப்பில்லன்னு. உங்க மேலயும் வரும். ரிடையர்மெண்டுக்கு நாலு வருஷம்தான இருக்குது? அந்தப் பொண்ணு கான்ட்ராக்ட். சின்ன வயசு. வேற எங்கனா போயிடும்."

பதில் சொல்ல எனக்கு வாய் இருந்தது. சொல்லவில்லை. நிரலில் செய்த திருத்தத்துக்கான குறிப்பில் 'வேக மேம்பாடு' என்று எழுதினேன். அவர் என்னை மிரட்டவில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். நான் கேட்க விரும்பியதைத்தான் அவர் சொன்னார். உங்கள் மேலதிகாரி ஒருநாள் உங்களிடம் இப்படிப் பேசுவார், கனிவாகப் பேசுவார். கனிவாகப் பேசும்போது ஜாஸ்தி பயப்படுங்கள்.

நாலு வருஷம் ஓடியது. ஓய்வு பெற்றேன். கோயம்புத்தூரிலிருந்து வந்த என் மைத்துனருக்கு அறை பார்க்க ரமணாசிரமம் பக்கம் ஒரு விடுதிக்குப் போனேன். வரவேற்பு மேசையில் சுகன்யா. ஒரு வெள்ளைக்காரப் பெண்மணிக்கு ஆங்கிலத்தில் பேருந்து நேரம் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். முகத்தில் எதுவும் மாறவில்லை. மைத்துனரின் அடையாள அட்டையை வாங்கிப் பதிவு செய்து, சாவி கொடுத்து மாடிக்கு அனுப்பினாள்.

நான் நின்றேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். இரண்டு பேர், ஒரே நொடி, மூன்றாவது மேசை, எல்லாம். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"எப்ப சார் தெரியும் உங்களுக்கு?"

"பொங்கலுக்கு அப்புறம்."

"இந்தப் பொங்கலா?"

"இல்லம்மா. அந்த வருஷமே."

கையிலிருந்த பேனாவை மூடி வைத்தாள்.

"எங்க அப்பா போன வருஷம் தவறிட்டாரு சார். கடைசி வரைக்கும் அவருக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு, நான் குடுத்திருப்பனோன்னு. வாய விட்டுக் கேட்டதில்ல. ஆனா இருந்துச்சு."

நான் எதையோ முனகினேன்.

"எழுதிக் குடுங்க சார்," என்றாள். "வேலைக்காக இல்ல. அந்தப் பங்காளி வீட்டுக்காரங்க இன்னும் எங்க வீட்டு வாசல்ல கால் வைக்கிறதில்ல. ஊர்ல காட்டணும். ஆபீஸ்லயும் குடுத்து, என் ஃபைல்ல சேக்கச் சொல்லணும்."

எழுதிக் கொடுத்தேன். இரண்டு பக்கம், விவரமாக, தேதியோடு. எழுதும்போது எனக்கு ஏதோ பெரிய பாரத்தை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. நானும் மனிதன்தான் என்றெல்லாம் நினைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் என் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசலில் நின்றபடியே என் கடிதத்தை என்னிடம் நீட்டினாள்.

"இது செல்லாதாம் சார். நீங்க இப்ப ஆபீஸ்ல இல்ல. சொல்றது நெஜம்னா சர்வர் லாக் எங்கன்னு கேட்டாங்க."

"சென்னை சர்வர்ல இருக்கும்மா. தேடிப் பாக்கச் சொல்லு."

"தேடுனாங்க சார். அத எப்பவோ அழிச்சாச்சாம். அந்த ஆர்டரையும் எடுத்துக் காட்டுனாங்க. அழிக்கலாம்னு கீழ உங்க கையெழுத்து. சீலோட."

கடிதத்தை வாங்கி மடித்தேன்.

"படிச்சிப் பாத்துட்டுப் போட்டீங்களா சார்?"

"இல்லம்மா. ரிடையர் ஆகுற மாசம். கட்டுக் கட்டா வந்துச்சு. எத எதையோ போட்டேன்."

அவள் நம்பினாளா என்று தெரியாது. "சரி சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவளிடம் சொன்னது பொய். உங்களிடம் மறைத்து இனி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்தக் கட்டில் மற்ற எதையும் நான் படிக்கவில்லை. அந்த ஒரு தாளை மட்டும் இரண்டு முறை படித்தேன், அழியப்போகும் லாக் எந்த மாதத்திலிருந்து எந்த மாதம்வரை என்பதை விரல் வைத்துப் பார்த்தேன், அந்தத் தீப மாதமும் அதில் அடங்கும் என்று தெரிந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். விடுதியில் அவள் முன்னால் எனக்கு அவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்?